மிளகளவு ஆபத்து: பிரிட்டன் வேளாண் அமைச்சகமும் பி.எஸ்.இ. நோயும்

1996 மார்ச் 20 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஸ்டீஃபன் டோரல் ஓர் அறிக்கையை வாசித்தார். 42 வயதுக்கு உட்பட்ட பத்துப் பேருக்கு இதுவரை கண்டிராத வகை மூளைச் சிதைவு நோய் வந்திருக்கிறது என்றும், 1989-ல் விதிக்கப்பட்ட மாட்டு உறுப்புத் தடைக்கு முன்பு அவர்கள் பி.எஸ்.இ. என்ற மாட்டு மூளை நோய்க்கு ஆட்பட்டிருப்பதே இப்போதைக்குப் பொருத்தமான விளக்கம் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. ஒரு வாரத்துக்குள், மார்ச் 27 அன்று, பிரிட்டனின் மாட்டிறைச்சி உலகின் எந்த நாட்டுக்கும் போகக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதற்கு முன் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள், மாட்டிறைச்சியால் மனிதருக்குத் தீங்கு நேராது என்று அந்நாட்டின் வேளாண்மை, மீன்வள, உணவு அமைச்சகம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருந்தது.

செய்தித்தாள்கள் பைத்திய மாட்டு நோய் என்று எழுதிய இந்த பி.எஸ்.இ. விவகாரம், உணவுப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் பெரும்பாலும் 'அரசு உண்மையை மறைத்தது' என்ற ஒரே வரியில் முடித்துவைக்கப்படுகிறது. ஆவணங்களோ அதைவிடக் கவலை தரும் ஒன்றைக் காட்டுகின்றன. அமைச்சகம் சரியான விதிகள் பலவற்றை உரிய காலத்துக்கு வெகுவாகப் பிந்தாமல் இயற்றியது. ஆனால் மக்களை அமைதிப்படுத்தச் சொன்ன சொற்களைத் தானும் நம்பியது. அந்த நம்பிக்கை மேலிருந்து கீழே இறங்கி, விதியை நிறைவேற்ற வேண்டிய இறைச்சிக் கூடத்துக்கும் தீவன ஆலைக்கும் வந்து சேர்ந்தபோது விதிகள் வலுவிழந்தன. இந்த ஆய்வு முதன்மையாக அந்த இறக்கத்தைப் பற்றியது.

ஒரே கூரையின் கீழ்

பிரிட்டனில் வேளாண்மைக்கும் உணவுக்கும் தனித்தனி அமைச்சகங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடு 1954-ல் முடிவுக்கு வந்தது. உணவு அமைச்சகத்தின் தேவை குறைந்துவிட்டதாகக் கருதி, 1955-ல் அது வேளாண் அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. பட்டினியின் நினைவு மாறாத நாட்டில், உணவை மிகுதியாகவும் மலிவாகவும் விளைவிப்பதே அமைச்சகத்தின் தலையாய கடமை என்று எல்லோரும் எண்ணியது இயல்புதான். உழவருக்கும் உண்பவருக்கும் நலன் ஒன்றே என்ற எண்ணம் அந்த இணைப்பின் அடியில் இருந்தது. பெரும்பாலான நாட்களில் அது உண்மையாகவும் இருக்கும். இரண்டு நலன்களும் பிரியும் நாளில் யார் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த அமைப்பில் விடை எழுதப்படவில்லை.

நோயின் வருகை

1984 டிசம்பரில் தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு பால் பண்ணையில், ஒரு மாடு முதுகைக் கூனிக்கொண்டு, உடல் மெலிந்து, பின்னர் தலை நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டு சில வாரங்களில் இறந்தது. அதே பண்ணையிலிருந்து வந்த இன்னொரு மாட்டின் மூளையை 1985-ல் பரிசோதித்தபோது அது கடற்பஞ்சு போலத் துளைபட்டிருந்தது தெரிந்தது. என்றாலும் இது ஒரு புதிய நோய் என்ற முடிவுக்கு வெய்பிரிட்ஜில் உள்ள மத்திய கால்நடை ஆய்வகம் வந்தது 1986 நவம்பரில்தான். அங்கிருந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜான் வைல்ஸ்மித், நோயுற்ற மந்தைகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, 1987 இறுதிக்குள் காரணத்தைத் தீவனத்தில் கண்டுபிடித்தார். ஓர் ஆண்டுக்குள் இவ்வளவு துல்லியமாகக் காரணத்தைத் தொட்டது பாராட்டுக்குரிய பணி. பிற்பாடு நடந்தவற்றை வைத்து இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அந்தத் தீவனம் இறைச்சி-எலும்புத் தூள். மாட்டை வெட்டி, மனிதர் உண்ணும் பகுதிகளை எடுத்த பிறகு மிஞ்சும் குடல், எலும்பு, தலை, செத்த கால்நடைகள் ஆகியவற்றை ஆலையில் வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, எஞ்சியதை உலர்த்திப் பொடியாக்குவார்கள். இதில் புரதம் மிகுதி. இறக்குமதி செய்யும் சோயாவுக்கு மலிவான மாற்று. பால் பண்ணைகளில் கன்றைத் தாயிடமிருந்து சில நாட்களில் பிரித்துவிடுவதால், பிறந்த சில வாரங்களிலேயே இந்தத் தூள் கலந்த தீவனம் அதற்குக் கிடைத்தது. தாயோடு மேய்ச்சலில் வளரும் இறைச்சி மாட்டு மந்தைகளைவிடப் பால் மாட்டு மந்தைகளில் நோய் மிகுந்ததற்கு இதுவே காரணம். நோயை உண்டாக்கும் பிரியான் என்ற உருத்திரிந்த புரதம் ஆலையின் கொதிப்பில் அழியவில்லை. ஆக, நோயுற்ற ஒரு மாட்டின் மூளையும் தண்டுவடமும் தூளாகி, நூற்றுக்கணக்கான கன்றுகளின் வாய்க்குப் போயின. புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தையே அரைத்து ஊட்டிய இந்தப் பழக்கம் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்ததால், அதை விசித்திரமாக யாரும் எண்ணவில்லை.

தொடக்க மாதங்கள்

1987-ன் முற்பகுதியில், புதிய நோயைப் பற்றிய தகவல் வெளியே போகாதபடி கால்நடைத் துறைக்குள் கட்டுப்பாடு இருந்தது. ஏற்றுமதி பாதிக்கப்படும் என்ற அச்சமே அதன் பின்னணி. களத்தில் இருந்த கால்நடை மருத்துவர்கள் அறிகுறிகளை அறிந்திருந்தால் நோயின் பரவல் முன்னதாகவே தெரிந்திருக்கும். மனித உடல்நலத்துக்குப் பொறுப்பான சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி டொனால்ட் அச்சசனிடம் வேளாண் அமைச்சகம் ஆலோசனை கேட்டது 1988 மார்ச்சில். அதாவது நோய் அடையாளம் காணப்பட்டு 16 மாதங்கள் கழித்து. அவ்வளவு காலமும், அதற்குப் பிறகு 1988 ஆகஸ்ட் வரையிலும், அறிகுறி வெளிப்படையாகத் தெரிந்த மாடுகள்கூட இறைச்சிக் கூடத்துக்குப் போய் மனித உணவாயின. அதைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் விலங்கியல் பேராசிரியர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையில் 1988-ல் அமைந்த சிறு குழு, நோயுற்ற மாடுகளை உடனே அழிக்கச் சொன்னது. 1989 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கை, பி.எஸ்.இ. மனித நலத்தைப் பாதிக்கும் என்பது பெரும்பாலும் நடவாதது என்று கணித்தது. அதே அறிக்கை, இந்தக் கணிப்பு தவறாக இருந்தால் விளைவுகள் மிகக் கடுமையாக இருக்கும் என்றும் சொன்னது. முதல் வாக்கியத்தை அமைச்சர்கள் அடுத்த ஏழு ஆண்டுகள் மேற்கோள் காட்டினார்கள்; இரண்டாம் வாக்கியம் யாருடைய உரையிலும் அதே அளவுக்கு இடம் பெறவில்லை. ஒரு நிபுணர் குழுவின் ஐயத்தோடு கூடிய மதிப்பீடு, அரசின் வாயில் உறுதிமொழியாக மாறும் இந்த நிகழ்வை உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிப் படிப்போர் தனியே குறித்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

காகிதத்தில் இருந்த விதிகள்

இயற்றப்பட்ட விதிகளை நேர்மையாகப் பார்த்தால் அவை அற்பமானவை அல்ல. 1988 ஜூலையில், அசைபோடும் கால்நடைகளுக்கு அசைபோடும் கால்நடைகளின் புரதத்தை ஊட்டுவது தடை செய்யப்பட்டது. ஆகஸ்டில் நோயுற்ற மாடுகளைக் கட்டாயமாக அழிக்கும் ஆணை வந்தது. நோய் உறுதியானால் மாட்டின் மதிப்பில் பாதிதான் இழப்பீடு என்று வைத்தார்கள். பாதி விலை கொடுத்தால் பண்ணைக்காரர் நோயைச் சொல்லாமல் சந்தைக்கு ஓட்டிவிடுவார் என்ற விமர்சனம் எழுந்தது. 1990 பிப்ரவரியில் அது முழு மதிப்பாக உயர்த்தப்பட்டது. எல்லாவற்றிலும் முக்கியமான விதி 1989 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எந்த மாட்டின் மூளை, தண்டுவடம், மண்ணீரல், குடல், தொண்டைச் சதை, தைமஸ் சுரப்பி ஆகியவற்றையும் மனித உணவில் சேர்க்கக் கூடாது என்றது அது. அறிகுறி தெரியாமல் உள்ளே நோய் வளரும் மாடுகளிடமிருந்து மக்களைக் காத்த ஒரே அரண் இதுதான்; நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆகும் என்பதால், வெட்டப்பட்ட தொற்று மாடுகளில் பெரும்பகுதி அறிகுறி இல்லாதவையே.

இவ்வளவு இன்றியமையாத விதியை அமைச்சகம் எப்படி அறிமுகப்படுத்தியது என்பதில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. சவுத்வுட் குழு, குழந்தை உணவில் மட்டும் இந்த உறுப்புகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. குழந்தை உணவு எது என்று சட்டத்தில் வரையறுப்பது கடினமாக இருந்ததால், எல்லோருக்குமான தடையாக அதை விரித்தார்கள். மக்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, அறிவியல் கட்டாயம் எதுவும் இல்லை, மிகையான முன்னெச்சரிக்கைதான் என்ற தொனியில் அது முன்வைக்கப்பட்டது. வெளியே இருந்தவர்கள் நிம்மதி அடைந்தார்கள். இறைச்சிக் கூடத்தில் ரம்பம் பிடித்திருந்தவரும் அதே செய்தியைத்தான் கேட்டார்.

நம்பிக்கை ஊட்டும் பணி

1990 மே மாதத்தில் பிரிஸ்டலில் ஒரு சயாமியப் பூனை இதே வகை மூளை நோயால் இறந்தது தெரியவந்தது. நோய் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு உணவு வழியாகத் தாவக்கூடும் என்பதை வீட்டுப் பூனையின் வடிவில் மக்கள் பார்த்தார்கள். பள்ளிகள் பல தம் உணவுப் பட்டியலிலிருந்து மாட்டிறைச்சியை எடுத்தன. அப்போது வேளாண் அமைச்சராக இருந்த ஜான் கம்மர், இப்ஸ்விச் நகரில் ஒரு படகுக் கண்காட்சியில் நிழற்படக் கலைஞர்கள் முன்பு தம் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். அச்சசனும் மாட்டிறைச்சியை எல்லோரும் அச்சமின்றி உண்ணலாம் என்று அறிவித்தார். லீட்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் ரிச்சர்ட் லேசி நோயுற்ற மந்தைகளை முழுமையாக அழிக்க வேண்டும் என்று சொன்னபோது, அவருடைய பேச்சு பீதியைக் கிளப்புவதாகக் கண்டிக்கப்பட்டது.

கம்மர் தம் மகளுக்குத் தெரிந்தே தீங்கு செய்ய நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அந்தப் படம் அமைச்சகத்தின் உண்மையான நம்பிக்கையைக் காட்டுகிறது என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. இதே ஆண்டுகளில் உள்நாட்டில் மாடுகளுக்குத் தடை செய்யப்பட்ட இறைச்சி-எலும்புத் தூள் ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதையும் இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

ரம்பத்தின் முனையில்

மாட்டை வெட்டிய பின், உடலை முதுகெலும்பு வழியே இரண்டாகப் பிளப்பார்கள். எலும்பின் நடுவே ஓடும் தண்டுவடத்தைக் கையால் உருவி எடுக்க வேண்டும். ரம்பம் சற்றே விலகினால் வடத்தின் ஒரு பகுதி எலும்புக் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதைத் தேடி எடுக்க நேரம் ஆகும், பொறுமை வேண்டும். வரிசையாக மாடுகள் வந்துகொண்டிருக்கும் இடத்தில், 'இது மிகையான முன்னெச்சரிக்கைதான்' என்று சொல்லப்பட்ட ஒரு வேலைக்கு எவ்வளவு பொறுமை காட்டுவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. 1995 வரை இந்தக் கூடங்களைக் கண்காணித்தது உள்ளாட்சி அமைப்புகள். அவற்றின் தரம் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

எடுக்காமல் விட்ட தண்டுவடம் எங்கே போயிற்று? சதையை அறுத்தெடுத்த பின் முதுகெலும்பில் ஒட்டியிருக்கும் இறைச்சியை வீணாக்காமல், இயந்திரத்தில் உயர் அழுத்தம் கொடுத்துப் பிரித்தெடுப்பார்கள். கூழ் போல வரும் அந்தப் பொருள் மலிவான பர்கர், தொத்திறைச்சி, 'பை' எனப்படும் இறைச்சிப் பண்டம் ஆகியவற்றில் கலக்கப்பட்டது. முதுகெலும்புக் குழியில் தங்கிய வடத்துணுக்கும் அந்தக் கூழோடு கூழாக வந்தது. நோய் மனிதருக்குச் சென்ற முக்கிய வழிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. இதைப் பற்றிய கவலை 1990-லேயே நிபுணர் குழுவின் முன் வந்தது. தண்டுவடம் ஒழுங்காக நீக்கப்படுகிறது என்ற அனுமானத்தின் பேரில் அப்போது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. முதுகெலும்பிலிருந்து இவ்வாறு இறைச்சி எடுப்பது 1995 டிசம்பரில்தான் தடை செய்யப்பட்டது.

தீவன ஆலையின் கதையும் இதற்கு இணையானது. மாட்டுக்குத் தடை செய்த தூளைப் பன்றிக்கும் கோழிக்கும் கொடுக்கலாம் என்று 1988-ன் விதி அனுமதித்தது. ஒரே ஆலையில், ஒரே அரவையில், ஒரே குழாயில் காலையில் கோழித் தீவனமும் மாலையில் மாட்டுத் தீவனமும் ஓடின. நோய் வர ஒரு மாடு கணிசமான அளவு தொற்றுப்பொருளைத் தின்றிருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்ததால், குழாயில் ஒட்டிய சிறு மிச்சத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. தீவனத்தில் மாட்டுப் புரதம் கலந்திருக்கிறதா என்று கண்டறியும் நம்பகமான சோதனையும் அப்போது இருக்கவில்லை. அமைச்சகமே நடத்திய சோதனையின் முடிவு 1994-ல் வந்தபோது, ஒரு கிராம் நோயுற்ற மூளை ஒரு மாட்டுக்குத் தொற்றக் கொடுக்கப் போதும் என்று தெரிந்தது. மிளகு ஒன்றின் அளவே போதும் என்று பிற்பாடு விசாரணை அறிக்கை எழுதியது. தடைக்குப் பின் பிறந்த மாடுகளில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டவை நோயுற்றன.

1995 ஏப்ரலில் இறைச்சிக் கூடங்களின் கண்காணிப்பு, தேசிய அளவில் புதிதாக அமைந்த இறைச்சித் தூய்மைப் பணியகத்தின் கைக்கு வந்தது. அந்த ஆண்டு அரசுக் கால்நடை மருத்துவர்கள் முன்னறிவிப்பின்றிக் கூடங்களுக்குச் சென்றபோது, கிட்டத்தட்டப் பாதி இடங்களில் தடை செய்த உறுப்புகளைக் கையாள்வதில் குறை இருந்தது. பரிசோதனை முத்திரை குத்தப்பட்ட சில உடல்களில் தண்டுவடத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஆறு ஆண்டுகளாக, அந்த விதி நிறைவேறுகிறது என்ற அடிப்படையில்தான் மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று அமைச்சர்கள் சொல்லிவந்தார்கள்.

விலை

பிரிட்டனில் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. உச்ச ஆண்டான 1992-ல் மட்டும் சுமார் 37,000. இவை அறிகுறி தெரிந்தவை மட்டுமே. தொற்றோடு, அறிகுறிக்கு முன்பே வெட்டப்பட்டு உணவானவை பல லட்சம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். மனிதரில் இந்தப் புதிய நோயால் அந்நாட்டில் 178 பேர் இறந்தார்கள். 2000-ம் ஆண்டில் 28 பேர் இறந்ததே உச்சம். இந்த எண்ணிக்கை, ஒரு கட்டத்தில் அஞ்சப்பட்ட பேரழிவோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். முதலில் மனச்சோர்வு என்று மருத்துவரிடம் போய், பிறகு நடை தடுமாறி, நினைவிழந்து, படுக்கையில் விழுந்து, நோய் தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனபோது மறைந்தவர்கள். இரத்தம் ஏற்றியதன் வழியாகவும் சிலருக்கு நோய் சென்றது. அதனால், 1980 முதல் 1996 வரை பிரிட்டனில் குறிப்பிட்ட காலம் வாழ்ந்தவர்கள் இரத்த தானம் செய்ய அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விதித்திருந்த தடை 2022-ல்தான் நீங்கியது. பெற்றோர் இந்த நோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்து, எந்த உணவில், எந்த நாளில் வந்தது என்று ஒருபோதும் அறிய முடியாத நிலையை எண்ணிக்கை சொல்லாது.

விசாரணையும் மாற்றமும்

நீதிபதி பிலிப்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு 2000 அக்டோபரில் 16 தொகுதிகளில் அறிக்கை தந்தது. அரசு மக்களிடம் பொய் சொல்லவில்லை, மனிதருக்கு ஆபத்து மிகத் தொலைவானது என்று உண்மையாகவே நம்பியது, ஆனால் அச்சத்தைத் தணிப்பதிலேயே கருத்தாக இருந்தது. அந்த நம்பிக்கையூட்டும் இயக்கம் ஒரு தவறு என்பதே அதன் சாரம். தவறு வெளிப்பட்டபோது மக்கள் தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள் என்றும், விதிகளின் நிறைவேற்றத்தில் போதிய தீவிரம் இல்லை என்றும் அது பதிவு செய்தது.

அறிக்கைக்குக் காத்திராமலே அமைப்பு மாறத் தொடங்கியிருந்தது. அபர்டீனின் ரோவெட் ஆய்வு நிறுவனத் தலைவர் ஃபிலிப் ஜேம்ஸ் 1997-ல் தந்த பரிந்துரையின் அடிப்படையில், 1999-ன் சட்டம் ஒன்றின் மூலம் உணவுத் தர முகமை உருவாகி 2000 ஏப்ரல் 1 அன்று பணி தொடங்கியது. அது வேளாண் அமைச்சருக்குக் கட்டுப்பட்டது அல்ல. சுகாதார அமைச்சர்கள் வழியாக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வது. அமைச்சர்களுக்குத் தான் தரும் ஆலோசனையைத் தானே வெளியிடும் உரிமை அதற்குச் சட்டத்தில் எழுதப்பட்டது. முதல் தலைவர் ஜான் கிரெப்ஸ் காலத்திலிருந்தே அதன் வாரியக் கூட்டங்கள் மக்கள் பார்க்கும்படி நடந்தன. பழைய வேளாண் அமைச்சகம், கோமாரி நோய் நாட்டை உலுக்கிய 2001-ல் கலைக்கப்பட்டு, சுற்றுச்சூழல், உணவு, ஊரகத் துறையாயிற்று.

தனி முகமை ஒன்றே தீர்வு என்ற எளிய முடிவுக்கு வருமுன் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இறைச்சிக் கூடங்களில் மீறல்கள் பெருமளவு குறைந்தது முகமை பிறந்த பிறகு அல்ல. 1995 இறுதியிலும் 1996-லும், பழைய அமைச்சகம் இருந்தபோதே. அதே கூடங்கள், அதே ரம்பங்கள். ஆனால் ஆபத்து மெய்யானது என்று மேலிடம் நம்பத் தொடங்கியிருந்தது. 1996-ல் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் இறைச்சி-எலும்புத் தூள் தடை செய்யப்பட்ட பின் பிறந்த மாடுகளில் நோய் மிகச் சிலவற்றுக்கே வந்தது. ஆகவே தனி முகமையின் பயன், அதிக ஆய்வாளர்களை வைப்பதில் அடங்கவில்லை என்று கருதுகிறேன். ஆபத்தை நம்பினால் நட்டமடையும் துறையிடமே, ஆபத்து உண்டா என்று தீர்மானிக்கும் பொறுப்பை விடாமலிருப்பதே அதன் பயன். வேளாண் துறை உழவர் பக்கம் நிற்பதில் குற்றமில்லை. அது அதன் கடமை. அந்தக் கடமையைச் செய்பவரே உண்பவருக்கும் உறுதிமொழி தரும்போதுதான் கோணல் தொடங்குகிறது.

பிரிட்டன் இந்தப் பிரிவை முழுமையாகச் செய்யவும் இல்லை, முழுமையாகக் காக்கவும் இல்லை. பூச்சிக்கொல்லி அனுமதியும் கால்நடை மருந்து அனுமதியும் புதிய முகமைக்கு வராமல் வேளாண் தரப்பிலேயே தங்கின. 2010-ல் வந்த அரசு, இங்கிலாந்தில் முகமையிடமிருந்த ஊட்டச்சத்துக் கொள்கையைச் சுகாதாரத் துறைக்கும், உணவின் உள்ளடக்கம் பற்றிய முகப்புச்சீட்டுப் பொறுப்பைப் பழைய வேளாண் அமைச்சகத்தின் வாரிசான துறைக்கும் மாற்றியது. 2013 ஜனவரியில், மாட்டிறைச்சி பர்கர் என்று விற்கப்பட்டவற்றில் குதிரை இறைச்சி இருப்பதை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்து அறிவித்தபோது, பர்கருக்குள் இருப்பது எது என்று கேட்க வேண்டிய அதிகாரி எந்தத் துறையில் இருக்கிறார் என்பதே பிரிட்டனில் குழப்பமாக இருந்தது.